மடுவில் மிதந்த தேக்சா

ஏறி உட்கார்ந்திருந்த தேக்சா நடுமடுவில் சுற்ற ஆரம்பித்த பிறகுதான், தனக்கு நீச்சல் தெரியாது என்பது சவரிநாதனுக்கு நினைவு வந்தது.

"வெள்ளைச்சாமி! இது அருவிப் பக்கமா போகுதுடா!"

"நீங்கதானேண்ணே, காவேரிப் பரிசல் மாதிரி போகும்னீங்க?" என்று கரையிலிருந்து கத்தினான் வண்டிக்கார வெள்ளைச்சாமி.

நூறு பேருக்குப் பிரியாணி வேகும் செம்புத் தேக்சா அது. பாலக்கரைப் பள்ளிவாசலுக்குச் சொந்தம். பாத்திரங்களுக்குப் பொறுப்பான சேக் மைதீன், வெள்ளிக்கிழமை தன் மகளின் நிக்காஹுக்காக அதை ஈயம் பூசிவர, மூட்டை தூக்கும் சவரிநாதனைத் துறையூருக்கு அனுப்பியிருந்தார். ஈயம் பூசியாயிற்று. அப்படியே வண்டியைத் திருப்பியிருக்கலாம்.

ஆனால் புளியஞ்சோலை அங்கிருந்து அரை நாள் வண்டிப் பாதைதான். கொல்லிமலை இடுக்கில் வெயில் படாத காடாம், பாறைக்குப் பாறை அருவியாம், அதன் கீழே மடுவாம். இருபது வருஷமாகக் குனிந்து தரையையே பார்த்து நடந்த சவரிநாதனுக்கு, தண்ணீர் உச்சியிலிருந்து விழுந்தால் எப்படியிருக்கும் என்று ஒரு தடவையாவது பார்த்துவிட வேண்டும். பார்த்தார். அதோடு ஆசை அடங்கவில்லை. நடுமடுவில் அடி தெரியுமா என்றும் பார்க்க வேண்டியிருந்தது.

அருவி கொட்டித் தேக்சா நிரம்பியது. சவரிநாதன் ஒரு பாறையைக் கட்டிக்கொண்டு தப்பினார். தேக்சா முழுகிவிட்டது.

"பாய் உங்க தோலை உரிச்சிருவாரு."

"உரிக்கட்டும்டா. கல்யாணச் சோத்தை எதுல ஆக்குவாங்க?"

மூட்டைக் கொக்கியைக் கயிற்றில் கட்டி மடுவில் வீசினார். கனமாக ஏதோ மாட்டியது. ஆவலாக இழுத்தால், கரையோரம் நனைத்துப் போட்டிருந்த அவருடைய வேட்டிதான் இரண்டாகக் கிழிந்து வந்தது. மறுபடி வீசினார். கொக்கி எங்கோ இறுகிக்கொண்டு அசையவில்லை.

"மாட்டைப் பூட்டி இழுப்போம்ணே!"

பூட்டினார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மாட்டை அட்டை கடித்தது. இரண்டும் காட்டுக்குள் பாய்ந்தன. தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கொக்கியோடு வட்டமாக ஒன்று பறந்துவந்து பாறையில் 'ணங்' என்று விழுந்தது. அதோடு சிக்கியிருந்த தேக்சாவும் பிடி விட்டு, பாறை பாறையாக முட்டிக்கொண்டு, முழங்கால் ஆழமுள்ள கீழ்மடுவுக்கு உருண்டு போனது.

பறந்துவந்தது ஒரு செம்பு மூடி.

"இந்தத் தேக்சாவுக்கு மூடியே கிடையாதேண்ணே! பலகையைப் போட்டுத்தானே தம் கட்டுவாங்க?"

சவரிநாதன் பாசியைத் துடைத்து, வெட்டியிருந்த எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டினார். "பா... ல... க்... க... ரை. நம்ம பள்ளிவாசல் பேருடா! நமக்கு முன்னாடி இது எப்படிடா இங்க வந்துச்சு?"

வியாழக்கிழமை சாயங்காலம் சேக் மைதீன் வீட்டு முற்றத்தில் தேக்சா இறங்கியது. அவர் சுற்றிச் சுற்றி வந்தார்.

"என்னய்யா இது நசுங்கல்?"

"சந்தையில மாடு முட்டிருச்சு பாய்."

"ரெண்டு பக்கமுமா?"

"ரெண்டு மாடு, பாய்."

சேக் மைதீன் உள்ளே எட்டிப் பார்த்தார். "ஈயத்துல குதிகால் தடம் இருக்கே! மாடு உள்ள இறங்கி நின்னுச்சா? இனிமே பள்ளிவாசல் வேலைன்னு இந்தப் பக்கமே வராத. கடைத்தெருவுல உனக்கு ஒரு மூட்டைகூட கிடைக்காமப் பண்றேன் பாரு!"

அதற்குள் வெள்ளைச்சாமி வண்டியிலிருந்து மூடியைத் தூக்கிவந்து வைத்தான்.

சேக் மைதீன் அடுப்படிப் பக்கம் ஒரு தடவை பார்த்துக்கொண்டார். "அதை... அதை முதல்ல உள்ள கொண்டுபோய் வை. சரி சரி, நசுங்கலைத் தட்டி எடுத்துக்கலாம். நீ கிளம்பு சவரி."

அடுப்படியிலிருந்து அவர் மனைவி சாரா பீவி வந்துவிட்டாள். "அல்லாஹ்வே! நாலு வருசத்துக்கு முன்னாடி இவங்களே தேக்சாவை ஈயம் பூச எடுத்துட்டுப் போனப்ப, துறையூர்ச் சந்தையில களவு போச்சுன்னு சொன்ன மூடியாச்சே! எங்க கிடைச்சுது தம்பி?"

"புளியஞ்சோலை மடுவுலம்மா" என்றான் வெள்ளைச்சாமி.

சாரா பீவி மூடியைப் பார்த்தாள். தேக்சாவுக்குள் பார்த்தாள். பிறகு புருஷனைப் பார்த்தாள்.

"ஏங்க, அப்ப நீங்களும் இதுக்குள்ளதான் ஏறி உக்காந்தீங்களா?"