டெம்ப் ஃபோல்டருக்குள் அக்கா கல்யாணம்

ஆறு வாரக் கம்ப்யூட்டர் வகுப்பு முடித்தவரைப் போல ஆபத்தான பிறவி உலகத்தில் கிடையாது. ஒன்றும் தெரியாதவர் தொடவே மாட்டார். நன்றாகத் தெரிந்தவர் இரண்டு தடவை யோசித்துவிட்டுத் தொடுவார். ஆறு வாரம் படித்தவர்தான் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, "நகருங்க, நான் பார்க்கிறேன்" என்பார். தொண்ணூறுகளின் நடுவில், பத்தொன்பது வயதில், நான் அப்படித்தான் சொன்னேன்.

அப்போது நாங்கள் பிரிக்ஃபீல்ட்ஸில் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். அண்ணன் கல்யாணமாகி ஜொகூருக்குப் போனபோது விட்டுப்போன பழைய கம்ப்யூட்டர் ஒன்று ஹாலில் இருந்தது. அம்மா அதற்கு வெல்வெட் துணியில் உறை தைத்துப் போட்டு, வெள்ளிக்கிழமைதோறும் குங்குமம் வைப்பார். இவ்வளவு மரியாதை கிடைத்ததாலோ என்னவோ, அதற்கு எந்த அவசரமும் இருந்ததில்லை. அப்பா சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போவார். குளித்து, விபூதி பூசி, கோப்பி குடித்துவிட்டு வந்து உட்காரும்போதுதான் அது மெல்லக் கண் விழிக்கும்.

அதில்தான் அப்பா, அக்கா கல்யாணத்துக்கு அழைக்க வேண்டியவர்களின் பட்டியலைத் தட்டிக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக, ஒற்றை விரலால், அறுநூற்றுச் சொச்சம் பேர். யார் வீட்டில் நாய் இருக்கிறது, யாரை நேரில் போய்த் தட்டு வைத்துத்தான் அழைக்க வேண்டும், யாருக்கும் யாருக்கும் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அதில் உண்டு. "ஒருத்தர் பேரு விட்டுப்போனா போதும், சாகுற வரைக்கும் சொல்லிக் காட்டுவாங்க" என்பார். கார்டு கொடுக்க ஆரம்பிக்க ஒரு வாரம்தான் பாக்கி.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் எல்லோரும் சேலை எடுக்க மஸ்ஜித் இந்தியா கடைத்தெருவுக்குப் போயிருந்தார்கள். வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று வேலையில் இறங்கினேன். டெம்ப் என்ற ஃபோல்டரில் சேர்வதெல்லாம் தற்காலிகக் குப்பை, அதை அழித்தால் கம்ப்யூட்டர் வேகமாகும் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். போய்ப் பார்த்தேன். ஏகப்பட்ட குப்பை. அத்தனையையும் அழிக்கச் சொன்னேன். நிச்சயமாகவா என்று கேட்டது. (யாரைப் பார்த்துக் கேட்கிறாய்? சான்றிதழ் வைத்திருக்கிறேன், தெரியுமா?) ஆமாம் என்று அழுத்தினேன். அதோடு விட்டிருந்தாலாவது மீட்டிருக்கலாம். நான்தான் கெட்டிக்காரியாயிற்றே! டிஸ்கில் சிதறிக் கிடப்பதை ஒழுங்காக அடுக்கும் வேலையையும் ஓடவிட்டேன். கட்டம் கட்டமாக நகர்ந்து, அழிந்தவற்றின் இடத்திலெல்லாம் வேறு எதையோ கொண்டுவந்து வைத்தது. ஒன்றரை மணி நேரம் ரசித்துப் பார்த்தேன்.

அப்பா வந்து சுவிட்சைத் தட்டிவிட்டுத் துண்டை எடுப்பதற்குள் கம்ப்யூட்டர் தயாராகிவிட்டது.

"அட! குளிக்கக்கூட விடமாட்டேங்குதே" என்று பூரித்துப்போய் என் தலையைத் தடவினார். அந்தப் பெருமை எனக்கு நான்கு நிமிடம் கிடைத்தது.

"சுமதி, லிஸ்ட் எங்கம்மா?"

"எங்கப்பா வச்சீங்க?"

"டெம்ப்லதான்."

"அங்க ஏம்ப்பா வச்சீங்க?"

"வேலை இன்னும் முடியலல்ல? முடியாத ஃபைல டெம்பரரிலதான் வைக்கணும். முடிஞ்சப்புறம்தான் பெர்மனண்ட். முப்பது வருசமா ஆபிஸ்ல அப்படித்தான்லா செய்யறோம்."

அப்பா முப்பது வருட ரயில்வே கிளார்க். அச்செடுத்த பிரதி உண்டா என்றால், பட்டியல் முடியாமல் அவர் காகிதத்தை வீணாக்குவாரா? தட்டி முடித்த துண்டுச் சீட்டுகளை அன்றன்றே கிழித்துப் போட்டிருந்தார். பத்திரமாக இருக்கட்டும் என்று ஒரு ஃபிளாப்பி மட்டும் வாங்கி, அலமாரியில் நகைப்பெட்டிக்குள் வைத்திருந்தார். பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

அப்பா திட்டவில்லை. ஒற்றை விரலை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அதற்குத் திட்டியிருக்கலாம். "என் கல்யாணத்துக்கு இனி யாரு வருவா?" என்று அக்கா அழ ஆரம்பித்தாள். அம்மாதான் வழி சொன்னார்.

"அண்ணன் கல்யாண வீடியோவப் போடு. வந்தவங்க மூஞ்சியெல்லாம் அதுலதானே இருக்கு?"

மூன்று மணி நேரக் கேசட். ரிமோட்டை வைத்துக்கொண்டு முகத்துக்கு முகம் நிறுத்தினேன். அம்மா சேலையை வைத்து ஆளைச் சொல்வார். ("அந்த மயில்கழுத்துக் கலரு, நான் எடுக்கலாம்னு நெனச்சுத் திரும்பறதுக்குள்ள அவ எடுத்துட்டா. சரோஜா, எழுது.") அப்பா முகவரி சொல்வார். ஒருவர் மட்டும் சிக்கவே இல்லை. சஃபாரி சூட் போட்டு முன்வரிசை நடு நாற்காலியில் இருந்தார். பந்தியில் இருந்தார். கடைசியில் குடும்பப் போட்டோவில் அப்பாவின் தோளை உரசிக்கொண்டு நின்றார். அண்ணி வீட்டுக்குப் போன் போட்டால், அவர் எங்கள் பக்கம் என்றுதான் அவர்களும் ஐந்து வருடமாக நினைத்திருக்கிறார்கள்.

"முன்னாடி உட்கார்ந்திருக்காரு, பெரிய ஆளாத்தான் இருக்கும். விட்டா அசிங்கம்" என்றார் அப்பா. கண்டுபிடிக்கும் தண்டனை எனக்கு வந்தது. ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். அன்று சமைத்த சமையல்காரர் பார்த்ததுமே, "நம்ம சண்முகம் அண்ணன், பண்டமாரான்ல இருக்காரு" என்று வீட்டு அடையாளம் சொல்லிவிட்டார். அடுப்பில் எண்ணெய் காய்ந்துகொண்டிருந்ததால் அதற்கு மேல் பேசவில்லை.

அப்பா சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டார். அம்மா வெற்றிலை பாக்குத் தட்டை ஏந்திக்கொண்டார். பண்டமாரான் வீட்டு வாசலில் ஒரு லோரி நின்றது. அது நிறைய நாற்காலிகள். கைலியும் பனியனுமாக வெளியே வந்தார் எங்கள் சஃபாரி சூட்.

"வாங்க சார். எத்தனை சேர் வேணும்? மேசையும் இருக்கு."

அப்பாவின் காது சிவந்தது. மெல்ல அண்ணன் கல்யாணத்தைப் பற்றி விசாரித்தார்.

"ஆமா சார், நான்தான் சேர் எறக்குனேன். திருப்பி ஏத்தறதுக்கு வெயிட் பண்ணேன். கோயிலுக்குப் போயிட்டு அப்படியே வந்ததால நல்ல டிரஸ்ல இருந்தேன். முன்னாடி உட்காருங்கன்னாங்க. சாப்பிடுங்கன்னாங்க. போட்டோவுக்கு வாங்கன்னு கையப் புடிச்சு இழுத்தது நீங்கதான் சார்."

தட்டோடு அப்பா திரும்பிவிடப் போகிறார் என்று பயந்தேன். அப்பா அம்மாவின் கையிலிருந்த தட்டைத் தானே வாங்கி நீட்டினார்.

"சேர் வேணாம். நீங்க குடும்பத்தோட வரணும்."

"ஒரு நிமிசம் சார்" என்று சண்முகம் உள்ளே ஓடி, சட்டை போட்டுக்கொண்டு வந்துதான் தட்டை வாங்கினார். "எத்தனையோ கல்யாணத்துக்குச் சேர் போட்டிருக்கேன். தட்டு வச்சு யாரும் கூப்பிட்டதில்ல" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் அழுகை வந்தது. செய்த குற்றத்துக்கு ஒரு புண்ணியமாவது கிடைத்ததே என்ற சந்தோஷமும் அதில் கொஞ்சம் இருந்தது.

இனி யாரும் விட்டுப்போகவில்லை என்று நிம்மதியாக இருந்தோம். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்பு, அம்மா தன் சொந்த அக்காவுக்கு, சாலாக் செலாத்தானில் இருந்த எங்கள் பெரியம்மாவுக்கு, போன் செய்தார்.

"அக்கா, பலகாரம் சுட எப்ப வர்ற?"

"எனக்குக் கார்டே வரலையே" என்றார் பெரியம்மா.

அண்ணன் கல்யாணத்தில் பெரியம்மா காலையிலிருந்து அடுப்படியை விட்டு நகரவில்லை. மூன்று மணி நேர வீடியோவில் அவருடைய முந்தானைகூட விழவில்லை. அதனால் பட்டியலிலும் இல்லை. அன்று மாலையே தட்டோடு குடும்பமாகப் போனோம். பெரியம்மா அம்மாவைப் பிடித்துக்கொண்டார்.

"சேர் ஏத்துறவரு வீட்டுக்குத் தட்டு தூக்கிட்டுப் போனியாமே? போக வேண்டியதுதான், நல்லது. அடுப்படில நின்னவ வீடியோல விழலன்னா உனக்கு அக்கா இல்லையாடி?"

நான் நெடுஞ்சாண்கிடையாகக் காலில் விழுந்தேன். எல்லாம் என்னால்தான், கம்ப்யூட்டரை வேகமாக்கப் போனேன் என்று அழுதேன். பெரியம்மாவுக்குக் கம்ப்யூட்டர் புரியவில்லை, அழுகை புரிந்தது. "எந்திரி. வரேன். ஆனா இந்தத் தடவ நான் வீடியோல இருப்பேன், சொல்லிட்டேன்" என்றார்.

சொன்னபடி செய்தார். அக்காவின் கல்யாண வீடியோவில் தாலி கட்டும் நேரத்தில் மணமேடைக்கும் கேமராவுக்கும் நடுவில், கையில் கரண்டியோடு பெரியம்மா நிற்கிறார். மாப்பிள்ளையின் முழங்கை மட்டும் தெரிகிறது. முன்வரிசை நடு நாற்காலியில் அதே சஃபாரி சூட்டில் சண்முகம் அங்கிள். என் கல்யாண வீடியோவிலும் இருவரும் அவரவர் இடத்தில் இருக்கிறார்கள். "அம்மா, உனக்கு அப்பா தாலி கட்டினாரா இல்லையா?" என்று என் மகளே சந்தேகப்பட்டுக் கேட்டிருக்கிறாள்.

இன்றைக்கும் அக்கா வீட்டுக்கு வந்திருக்கும்போது நான் ஓர் அலமாரியை ஒதுக்கத் துணியை உதறினால் போதும், எந்த அறையில் இருந்தாலும் அவள் குரல் வந்துவிடும்:

"சுமதி, தொடாத! மொதல்ல பெரியம்மா எங்கன்னு பாரு!"