பங்குதாரருக்குப் பான் கார்டு இல்லை

"உங்க பார்ட்னரோட பான் கார்டு எங்க சார்?" என்று கேட்டாள் கம்ப்யூட்டர் சென்டர் லாவண்யா.

திருமலைச்சாமி சுவரில் தொங்கிய காலண்டரைக் காட்டினார். பழனியாண்டவர் ராஜ அலங்காரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

பழனிக்காரர்கள் தொழில் தொடங்கினால் முருகனையும் பங்குதாரராகச் சேர்த்துக்கொள்வது வழக்கம். லாபத்தில் அவர் பங்கு உண்டியலுக்குப் போய்விடும். கொடைக்கானலில் சலவை நிலையம் திறந்த திருமலைச்சாமியும் அப்படித்தான் வேண்டிக்கொண்டார். அதோடு நிற்காமல் தொழில் பதிவு விண்ணப்பத்திலும் அவர் பெயரை எழுதச் சொன்னதுதான் வினை.

வட்டக்கானல் விடுதி ஒன்று தன் படுக்கை விரிப்புகளையெல்லாம் அவரிடம் வெளுக்கக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தது. ஆனால் வேலையாட்களின் பி.எஃப். கணக்கு, சம்பள வரிக் கணக்கு இரண்டையும் பதிந்த காகிதம் இன்று சாயங்காலத்துக்குள் வேண்டும். இல்லாவிட்டால் மனைவியின் நகையை விற்று வாங்கிய சலவை இயந்திரம் சும்மா கிடக்கும்.

"பேசாம அவர் பேரை எடுத்துருவோமா சார்?"

"வாக்குக் குடுத்துட்டு எப்படிம்மா எடுக்கிறது? வேற வழி பாரு, வெரசா."

"அப்ப வேலையாளாப் போடலாம். மேனேஜர்னு."

முருகனுக்கு அது கொஞ்சம் இறக்கமான பதவிதான். வேறு வழியில்லாமல் திருமலைச்சாமி ஒப்புக்கொண்டார்.

"அப்பா பேரு?"

"சிவன்."

"மனைவி?"

"வள்ளி, தெய்வானை."

"ஒரு பேருதான் சார் எடுக்கும்."

திருமலைச்சாமிக்கு வியர்த்தது. கொடைக்கானலில் அது லேசில் நடக்கிற காரியமில்லை.

"கல்யாணமே ஆகலைன்னு போட்டுரும்மா. பழனியில நிக்கிறவரு ஆண்டிதான."

அடுத்து முகச் சரிபார்ப்பு. லாவண்யா செல்போனைக் காலண்டருக்கு நேரே பிடித்தாள்.

"கண்ணைச் சிமிட்டச் சொல்லுது சார்."

இருவரும் காத்திருந்தார்கள். முருகன் சிமிட்டவில்லை.

"சரி, எடுத்துரும்மா," என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் திருமலைச்சாமி.

"எடுக்கிறதுக்குக் காரணம் கேக்குது. ராஜினாமா, பணிநீக்கம், மரணம். எதைப் போட?"

திருமலைச்சாமி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். ராஜினாமா என்று போட்டால் முருகனே தன்னைக் கைவிட்டதாக ஆகிவிடும். முருகனை வேலையை விட்டு நீக்கிவிட்டு எந்த முகத்தோடு பழனிக்குப் படியேறுவது? மூன்றாவதை அவர் காதில் வாங்கவே இல்லை. எதைத் தொடுவது என்று புரியாமல் யோசித்துக்கொண்டிருக்கும்போதே சாயங்காலம் ஆகிவிட்டது.

விடுதி மேனேஜர் ராஜேஷ்குமார் போன் செய்தார். "சாரி சார். பேத்துப்பாறையில லாண்டரி வச்சிருக்கிற அன்னக்கொடியக்கா பேப்பரோட வந்துட்டாங்க. இங்கதான் நிக்கிறாங்க. ஆர்டரை அவங்களுக்குக் குடுத்தாச்சு."

திருமலைச்சாமி காலண்டரை நிமிர்ந்து பார்த்தார். "நான் போனாப் போறேன் சார். எம் பார்ட்னரு பழனியாண்டவரு. அவருக்குப் பங்கு தாரேன்னு சொல்லியிருந்தேனே, இப்ப என்ன பதில் சொல்லுவேன்?"

அந்தப் பக்கம் போன் கைமாறியது. அன்னக்கொடியின் குரல் கேட்டது.

"அதுக்காக வெசனப்படாதீங்கண்ணே. எனக்கும் அவருதான் பார்ட்னரு."