வெறும் தூளியும் ஒரு பூட்டும்

இயற்பியல் வாத்தியாரைப் பெண் பார்க்க அழைத்துப் போனால், வாயை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்ல வேண்டும். எங்கள் வீட்டில் யாரும் சொல்லவில்லை.

திருத்தணி மலையடிவாரத்தில் பெண் வீடு. பட்டப்பகல், கரண்ட் இல்லை, ஓர் இலைகூட அசையாத புழுக்கம். பெண்ணை எல்லோருக்கும் பிடித்துவிட்டதால், ராகு காலம் கழிந்ததும் தட்டு மாற்றிக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருந்தோம். கழிந்துவிட்டது என்றது என் அப்பாவின் கைக்கடிகாரம். இன்னும் இல்லை என்றது பெண்ணின் அப்பாவுடையது.

செல்போனைப் பார்த்துச் சொல்லியிருக்கலாம். (அப்புறம் நான் எதற்கு வாத்தியார்?) "நேரத்த அளக்க ஒரு பூட்டும் நூலும் போதுங்க" என்று ஆரம்பித்து அணுக் கடிகாரம் வரை போனேன். கூடத்தில் மூங்கில் கழி கட்டி, பெண்ணின் அக்கா தன் கைக்குழந்தைக்குத் தூளி போட்டிருந்தார். குழந்தை உள்ளே அவரிடம் இருந்தது. அதே கழியில், தூளியின் நீளத்துக்கே நூல் விட்டு அவர்கள் வீட்டுப் பூட்டைத் தொங்கவிட்டேன்.

"ஊசல் யார் பேச்சும் கேக்காதுங்க. ஒரே சீரா ஆடும்."

ஆடியது. பிறகு, யாரும் தொடாமலே தளர்ந்து நின்றது. என் முதுகுக்குப் பின்னால் கயிறு முனகியது. திரும்பிப் பார்த்தேன். வெறும் தூளி ஆடிக்கொண்டிருந்தது.

வெறும் தூளி ஆடினால் குழந்தைக்கு ஆகாது என்பார்கள். உள்ளிருந்து வந்த அக்கா குழந்தையை இறுக்கிக்கொண்டு தன் அப்பாவைப் பார்த்தார். "நைனா, உள்ள யாரோ படுத்துகினு இருக்கிற மாதிரி ஆடுதே!"

அவர் சொன்ன பிறகு எனக்கும் அந்தத் துணி கனமாகத் தெரிந்தது. தூளி மெல்ல அடங்கியது. உடனே பூட்டு, தானாக, மறுபடி ஆட ஆரம்பித்தது.

"முருகா!" என்று அலறியது நான்தான். பின்வாங்கி உட்கார்ந்த இடம் தாம்பூலத் தட்டு.

பெண்ணின் அப்பா எழுந்தார். "இந்த சம்பந்தம் வேணாங்க."

எனக்கோ அந்தப் பெண்ணை அவ்வளவு பிடித்திருந்தது.

அவளே எழுந்து வந்தாள். ஒரு கையால் கழியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, மறு கையால் பூட்டை ஆட்டினாள். பூட்டு மட்டும் ஆடியது. தூளி அசையவில்லை.

"ஒரே கழியில, ஒரே நீளத்துல ரெண்டு தொங்குனா ஒண்ணோட ஆட்டம் இன்னொண்ணுக்குப் போவும் நைனா. பிளஸ் டூவுல படிச்சதுதான்." என் பக்கம் திரும்பினாள். "சார் நடத்துறதில்லையா?"

(வருஷா வருஷம் நடத்துகிறேன்.)

கல்யாணம் நடந்தது. இப்போது எங்கள் வீட்டிலும் தூளி தொங்குகிறது. குழந்தையைத் தூக்கியதும், "சார், மணி என்னாச்சு?" என்று அவள் குரல் கொடுப்பாள். மாமனாருக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறும். நான் அவசர அவசரமாகத் தூளியைச் சுருட்டி முடிச்சுப் போட்டுக்கொண்டிருப்பேன். அறிவியல் எனக்குத் தெரியும். தூளிக்கும் தெரியுமா என்பதுதான் தெரியவில்லை.