ஆறு ஃபேனும் ஆடியன்ஸைப் பார்க்கணும்

அன்புள்ள மச்சானுக்கு,

உன் அத்தான் எழுதிக்கொள்வது. இங்கே நான் நலம், உன் அக்கா நலம், கம்ப்யூட்டரும் பரம நலம். அங்கே அனைவரும் அவ்வாறே இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "அத்தான், மீட்டிங்ல இருக்கேன்" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தைப் பாதியில் வைத்தாலும் மீதி அங்கேயே இருக்கும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்: மாதக் கடைசியில் நீ வரவேண்டிய அவசியமே இல்லை. நான் வந்து பார்க்கும்வரை கம்ப்யூட்டர் பெட்டியைத் தொடாதீர்கள் என்று மூன்று தடவை சொன்னாயல்லவா? தொட்டேன். ஜெயித்தேன்.

உனக்குத் தெரியாதது இல்லை, திரைச்சீலை மில்லுக்கு உன் அக்கா வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் டிசைன் போட்டுக் கொடுக்கிறாள். நாடகக் கொட்டகையில் முப்பத்தாறு வருஷம் லைட் போட்ட நான் ஓய்வு பெற்று மூன்று மாதம் ஆகிறது. இப்போது வீட்டில் சம்பாதிக்கிற ஆள் அவள், தண்ணீர் பிடித்து வைக்கிற ஆள் நான். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் பன்னிரண்டு டிசைன் வரவில்லை என்றால் இந்த வருஷ வேலை வேறு ஆளுக்குப் போய்விடும் என்று மில் மேனேஜர் கறாராகச் சொல்லிவிட்டார். அந்த நேரம் பார்த்துத்தானா இந்தப் பெட்டி கொதிக்க வேண்டும்? அரை மணிக்கு ஒரு தரம் பொசுக்கென்று அணைந்துவிடுகிறது. செவ்வாய்க்கிழமை அவள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "நான் எதுக்கு இருக்கேன்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டேனே தவிர, அதற்கு அவள் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயந்து, உடனே செருப்பை மாட்டிக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டேன்.

பெட்டிக்கு ஃபேன் வேண்டும் என்றதும் கடைக்காரர், சாதா ஃபேனா, கலர் விளக்கு வைத்த ஆர்ஜிபி ஃபேனா என்று கேட்டார். காற்று வந்தால் சரி என்றேன். அவர் ஒரு சுவிட்சைத் தட்டினார். மச்சான், நான் என்னையே மறந்துவிட்டேன். சிவப்பு நீலமாகி, நீலம் ஊதாவாகி, ஊதா வட்டமாக ஓடிப் பச்சையில் போய் விழுகிறது. ஒரு சூரிய உதயத்துக்கு ஏணியில் ஏறி, கை சுடச்சுட விளக்குக்கு விளக்கு கலர்த்தாள் மாற்றியவன் நான். இங்கே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சாமான் சும்மா உட்கார்ந்துகொண்டு அத்தனையும் செய்கிறது. நூற்றிருபது மில்லிமீட்டரா, நூற்றி நாற்பதா என்று கேட்டார், பெட்டியை அளந்து வரவில்லையே என்று முழித்தேன். அவரே புண்ணியவான், என் போனில் இருந்த பெட்டியின் படத்தைப் பார்த்து நூற்றிருபதில் ஆறு எடுத்துக் கொடுத்தார். விளக்கு ஒயரில் ஐந்து வோல்ட் வேறு, பன்னிரண்டு வோல்ட் வேறு, மாற்றிச் சொருகினால் விளக்கு போய்விடும் என்றும் எச்சரித்தார். அதில் மட்டும் நான் தப்பே செய்யவில்லை. கரண்ட் விஷயத்தில் என்னை யாரும் குறை சொல்ல முடியாது.

புதன்கிழமை வேலை ஆரம்பம். எங்கள் தொழிலில் ஒரே ஒரு விதி, எதை வைத்தாலும் ஆடியன்ஸைப் பார்த்து வை. ஆடியன்ஸ் உன் அக்கா, அவள் பெட்டியின் கண்ணாடிப் பக்கம் உட்காருகிறாள். ஆகவே ஆறு ஃபேனின் அழகான முகமும் உள்பக்கம், கண்ணாடி வழியே தெரிகிற மாதிரி திருப்பி முடுக்கினேன். ஆறையும் சேர்த்துச் சொருகுகிற சின்ன டப்பாவுக்கு, பெட்டிக்குள் இருக்கிற போர்டில் இடம் வேண்டியிருந்தது. நட்டநடுவில் ஒரு பொடி ஒயர் இடத்தை அடைத்துக்கொண்டு நின்றது. வசனமில்லாத ஆள் மேடை நடுவில் நிற்கலாமா? அதைப் பிடுங்கி ஓரமாகச் சுருட்டிவிட்டு, அங்கே நம் டப்பாவைச் சொருகினேன். சுவிட்சைப் போட்டேன். அடேயப்பா, அறையே திருவிழா! உன் அக்காவைக் கையைப் பிடித்து இழுத்து வந்து நிறுத்தினேன். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். நாலாவது நிமிஷம் பெட்டி அணைந்துவிட்டது.

முன்பு அரை மணி தாங்கியது, இப்போது நாலு நிமிஷம். வியாழக்கிழமை காலை பேப்பரைக் கிழித்து ஒவ்வொரு ஃபேன் முன்னாலும் பிடித்துப் பார்த்தேன். ஆறும் காற்றை வெளியேதான் தள்ளுகின்றன, உள்ளே இழுக்க ஒருவன்கூட இல்லை. ஃபேனின் அழகான முகம்தான் காற்றை இழுக்கிற வாய் என்பது அப்போதுதான் புரிந்தது. மனதைக் கல்லாக்கிக்கொண்டு முன்பக்க மூன்றைத் திருப்பினேன். அதுகளின் முதுகுதான் இப்போது ஆடியன்ஸுக்கு. அப்படியும் ஆறே நிமிஷம். உன் அக்கா பையை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். என் முகத்தில் விழிக்கப் பிடிக்கவில்லை என்றுதான் நினைத்தேன். அவள் பிழைப்பில் மண்ணைப் போட்டுவிட்டோமே என்று அன்றைக்கு எனக்குச் சோறே இறங்கவில்லை, மச்சான்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஒவ்வொரு திருகாணியாகத் திரும்பச் சரிபார்த்து, அசதியில் நாற்காலியிலேயே கண் அசந்துவிட்டேன். விழித்தால் மணி ஒன்பதரை. பெட்டி ஓடிக்கொண்டிருக்கிறது! சூடு ஐம்பத்தைந்து டிகிரி. உன் அக்கா வேலையில் மும்முரமாக இருக்கிறாள். பத்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது, எல்லாம் போய்ச் சேர்ந்துவிட்டது என்றாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மெஷினுக்கும் ஒன்றிரண்டு ஒத்திகை தேவைப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். ஆகவே நீ வீணாக அலைய வேண்டாம், டிக்கெட்டைக் கேன்சல் செய்துவிடு. உன் கம்ப்யூட்டரில் ஏதாவது கோளாறு என்றால் கூச்சப்படாமல் என்னைக் கேள்.

உன் பெட்டியும் சூடாகாமல், உன் மேனேஜரும் சூடாகாமல், குடும்பத்தோடு நீ குளிர்ந்திருக்க வாழ்த்தும்
உன் அத்தான்

பி.கு.: தம்பி, அக்கா எழுதுறேன். ஸ்டாம்பு ஒட்டச் சொல்லி என் கையில கொடுத்தார், ஒட்டுறதுக்கு முன்னாடி படிச்சுட்டேன். அவர் பிடுங்கிச் சுருட்டின பொடி ஒயர், பெட்டிக்கு மூளையான பிராசஸர் மேல இருக்கிற ஃபேனோடது. அது சுத்தாம எந்தப் பெட்டி தாங்கும்? அவர் தூங்குறப்ப டப்பாவை வேற இடத்துக்கு மாத்தி, அந்த ஒயரைப் பழைய இடத்துலயே சொருகிட்டு, அது அடியில மெத்தையா கிடந்த தூசியைத் தட்டினேன். முதல்ல சூடானதே அந்தத் தூசியாலதான். பன்னிரண்டு டிசைனும் வியாழக்கிழமையே பிரிண்டிங் கடை கம்ப்யூட்டர்ல உட்கார்ந்து முடிச்சு அனுப்பிட்டேன், வெள்ளிக்கிழமை நான் பார்த்துக்கிட்டிருந்தது பழைய டிசைன். இதெல்லாம் அவர்கிட்ட மூச்சு விடாதே. மூணு மாசமா சாயங்காலம் ஆனா சட்டையை மாட்டிக்கிட்டு, கொட்டகைக்குக் கிளம்புற மாதிரி வாசல் வரைக்கும் போயிட்டு, திரும்பி வந்து உட்கார்ந்துடுவார். இந்த வாரம் ஒரு சாயங்காலம்கூட அப்படி வாசலுக்குப் போகல. அதனால டிக்கெட்டைக் கேன்சல் பண்ணாதே, கண்டிப்பா வா. வரும்போது ரிப்பேரான சாமான் ஏதாவது எடுத்துட்டு வா. இல்லேன்னா ரிப்பேராக்கியாவது எடுத்துட்டு வா.