நீல வெளிச்சமும் நிக்காஹ் நாளும்

சாய்ந்தமருது

கொரியாவில் போன் திரை ஆராய்ச்சி செய்யும் வருங்கால மருமகன் சாஜித் அவர்களுக்கு, நுஸ்ஹாவின் வாப்பா மீராசா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லோரும் சுகம். என் கோபமும் சுகமாகவே இருக்கிறது. போனில் கேட்டால் சிக்னல் இல்லை என்கிறீர்கள். ஆகவே அங்கு வேலைக்குத் திரும்பும் உங்கள் மச்சான் றாஸிக்கிடம் இக்கடிதத்தையும், மாமி றஹீமா இடித்த கருவாட்டுச் சம்பலையும் கொடுத்துவிடுகிறேன்.

நிக்காஹை வேளாண்மை வெட்டு முடிய என்றீர்கள், பிறகு ஹஜ்ஜுப் பெருநாள் கழிய என்றீர்கள், இப்போது போன் திரையின் நீல வெளிச்சம் நிலைத்தபின் என்கிறீர்கள். சிவப்பும் பச்சையும் வருஷக்கணக்கில் எரிய, நீலம் மட்டும் சீக்கிரம் மங்குதாம், கொடுக்கிற சக்தியில் நாலில் ஒரு பங்குதான் வெளிச்சமாகுதாம், மற்ற மூன்று பங்கும் வீணாய்ச் சூடாகிப் போகுதாம். வேலைக்கு வந்த நாலு பேரில் ஒருவர் வேலை செய்ய, மூன்று பேர் நிழலில் குந்தி இருக்கிற மாதிரி என்று நீங்களே விளக்கினீர்கள். எனக்கு விளங்கியது. ஊருக்கு விளக்கப் போய்த்தான் மாட்டிக்கொண்டேன். பக்கத்து வீட்டு பக்கீர் முகைதீன் மாப்பிள்ளைக்கு என்ன தொழில் என்று கேட்க, நீல லைட் செய்கிறார் என்றேன்; அஸர் தொழுகைக்குள்ள நீங்க கல்யாண வீட்டுக்கு லைட் கட்டுறவராப் போய்ட்டீங்க, ரெண்டு பேர் ஓடரும் தந்துட்டாங்க, அதுக்குப் பொறகு உண்மையச் சென்னா பக்கீர் முகைதீன் என்ட கையப் புடிச்சி, "பச்ச நல்லா எரியுதெண்டா அதோட நீலத்த உட்டுரச் செல்லுங்க, மீராசா. பள்ளி மினாராவுக்குப் பச்சதானே போட்டிரிக்கி, ஆரும் கொற செல்லல்லயே" எண்டார். எனக்கும் அது நியாயமாத்தான் படுது.

நம்மட வழக்கப்படி பொண்ணுக்கு வீடு கட்டுறது வாப்பாட கடமை, மகன். அதுல நான் சுணங்கல்ல. வீட்டுத் தரையில முகம் தெரியுது. பாலமுனையில இரிந்து உங்கட உம்மா பார்க்க வாறெண்டு நிண்டா. பெயிண்ட் வாசம் அவட தொய்வு இழுப்புக்கு ஆகாதெண்டு மாமிதான் மறிச்சா. கல்யாணக் கதையை எடுத்தாலே நுஸ்ஹா எழும்பிப் போறா. அவட முகத்தைப் பார்க்க எனக்குக் கஷ்டமா இரிக்கி. ஆகையால் நீலத்தை அப்படியே வைத்துவிட்டு அடுத்த விமானத்தில் புறப்படவும்.

தொழுகையை விடாதீர்கள், குளிருக்குக் காதை மூடிக்கொள்ளுங்கள். உங்கள் ஆயுளுக்கும் நீலத்தின் ஆயுளுக்கும் துஆச் செய்யும்,
மாமா மீராசா

பி.கு. (சம்பல் போத்தலின் மூடிக்குள் வைத்த துண்டு): மகன், மேல உள்ளது றாஸிக் வழியில பிரிச்சி வாசிச்சி உங்கட உம்மாட்டப் போன்ல செல்றதுக்காக எழுதினது. தயவுசெய்து வந்துராதீங்க. பெயிண்ட் அடிக்கச் சுவர் எழும்பல்ல, கூரை போடல்ல. தரையில முகம் தெரியுதெண்டது மெய்தான், மழைத் தண்ணி நிக்கி. நுஸ்ஹா எழும்பிப் போறது உங்கட நீலத்தால இல்ல, என்னால. உங்கட உம்மாக்குத் தெரிஞ்சா நிக்காஹ் முறிஞ்சி போயிரும், அதான் என்ட பயம். இன்னும் ஆறு மாசம் அந்த நீலத்த மங்க விடுங்க. இங்க மேசன்மார் நாலு பேர் வாறாங்க. ஒராள் கல் வைக்கிறார், மூணு பேர் மாமரத்து நிழல்ல. அந்த மூணு பங்கையும் வேலை செய்ய வைக்கிற மருந்து கெடச்சா, திரைக்குப் போட முந்தி எனக்கு அனுப்புங்க.