தெறியண்ணையும் என் புதுச் சட்டையும்

உலகத்தில் றேடியோ திருத்துகிறவர்கள் எத்தனையோ பேர் இருக்கலாம். சொந்தச் சட்டைத் தெறிகளை, அதுதான் பொத்தான்களை, கரைத்துக் கரைத்தே தொழில் செய்தவர் எங்கள் தெறியண்ணை ஒருவர்தான்.

கிளிநொச்சிச் சந்தைக்குப் பக்கத்தில் அவருடைய கடை. கரகரக்கிற வொலியூம் திருகியையும் பிடிக்காத சுவிச்சையும் எதனால் கழுவலாம் என்பதே அவருக்கு எந்நேரமும் யோசனை. பெற்றோல், தின்னர், நகப்பூச்சு அழிக்கிற தண்ணி, எது கிடைத்தாலும் முதலில் மணந்து பார்ப்பார். பிறகு சட்டையில் ஒரு தெறியை அறுத்து அதற்குள் போடுவார்.

"பிளாஸ்ரிக்கைத் தின்னுற சாமானை றேடியோவுக்குள்ள விடலாமோ?" என்று கேட்பார்.

இந்த ஆராய்ச்சியால் அவருடைய சட்டை சேப்டி பின்களின் தயவில் நின்றது.

நான் ஒலிபெருக்கி கட்டுகிறவன். போன திருவிழாவில், கோயில் சபைத் தலைவர் பேசும்போது வொலியூமைத் தொட்டேன். அது போட்ட சத்தத்தில் பாதிச் சனம் ஷெல் விழுகுது என்று நிலத்தில் படுத்துவிட்டது. இன்னொருமுறை இப்படி நடந்தால் வேறு ஆளைப் பிடிப்போம் என்று கோயில்காரர் சொல்லிவிட்டார்கள். சண்டை ஓய்ந்து வவுனியாப் பாதை திறந்திருந்த காலம். வவுனியாவில் வொலியூம் கழுவுகிற ஒரு ஸ்பிறே ரின் வாங்கிக்கொண்டு, கண்டாவளைத் திருவிழாவன்று காலை அண்ணையிடம் ஓடினேன்.

"கெதியா அடியுங்கோ அண்ணை, லொறி நிக்குது."

"பொறும். தெறி வேணும்." தன் சட்டையைத் தடவினார். ஒன்றும் மிச்சமில்லை. மெல்ல என் சட்டையைப் பார்த்தார்.

"ஐயோ, இது திருவிழாவுக்கு எடுத்த புதுச் சட்டை!"

"தெறி பெரிசோ, அம்பிளிபயர் பெரிசோ?"

அறுத்தார், அதில் ஸ்பிறேயை அடித்தார். கொஞ்ச நேரத்தில் என் தெறி பிசின்போல விரலில் ஒட்டியது. "இதுதான் உம்மட வொலியூமுக்கும் நடந்திருக்கும்" என்றார்.

அடுத்து ஸ்பிரிட் போத்தலை எடுத்தார்.

"அதுதான் உங்களுக்குத் தெரியுமே, அண்ணை!"

"ஸ்பிரிட்டைத் தெரியும். இந்தப் போத்தலைத் தெரியாது."

இரண்டாவது தெறியும் போனது. தையல் மெசின் எண்ணெய்க்கு மூன்றாவது. இரண்டும் சேதமில்லாமல் வந்த பிறகுதான் அம்பிளிபயரைத் திறந்தார்.

"சுவிச்சுக்கு ஸ்பிரிட் மட்டும் காணும். வொலியூம் உரசுற சாமான், காயவிட்டாத் திரும்பக் கத்தும். அதுக்கு மேல ஒரு சொட்டு எண்ணெய்."

வேலை முடிந்தது. என் வயிறு மட்டும் வெளியே தெரிந்தது. அண்ணை தன் சட்டைப் பின்களைக் கழற்றி எனக்குக் குத்திவிட்டார்.

அன்று தலைவர் பேசப் பேச வொலியூமைக் கூட்டினேன். ஒரு கரகரப்பு இல்லை. கூட்டத்தில் அவரைத் தேடினேன். ஒரு கையால் சட்டையைப் பொத்திப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் காதில் வைத்தபடி, ஸ்பீக்கருக்கு நேர் கீழே அண்ணை நின்றுகொண்டிருந்தார். அந்த மனிசனை எனக்கு அவ்வளவு பிடிக்கும்.