விழுங்கிய எழுமலை

சாம்பசிவம் மென்று விழுங்கியது வெறும் பாக்கு அல்ல. எழுமலை வீடு.

இன்று அவர் மகள் ஸ்யாமளாவுக்கு நிச்சயதாம்பூலம். சம்பந்தி ஹாலாஸ்யம் சற்று முன்புதான் வாசலில் தம் பங்காளிகள் ஏழு வீட்டாரின் வரிசையை ஊர்ப் பெயர்களாகச் சொல்லியிருந்தார். பெண்ணின் தகப்பனார் கூடத்தில் நின்று, அந்த வரிசை பிசகாமல் கூப்பிட்டுத் தாம்பூலம் கொடுக்க வேண்டும். முன்பின்னாகக் கூப்பிடப்பட்ட வீடு கை நனைக்காமல் எழுந்து போகும். கூடவே சம்பந்தமும் போகும். தாளைப் பார்த்து வாசிப்பதும் மறுபடி கேட்பதும் கேவலம். சாம்பசிவத்தின் தகப்பனார் நாற்பத்தொரு வீட்டாரைத் தாளில்லாமல் கூப்பிட்டவர். மதுரையில் இன்றும் அதைப் பேசுகிறார்கள். பேசாவிட்டால் சாம்பசிவம் பேச வைப்பார்.

"அவுக சொல்லச் சொல்ல எழுதி வச்சுக்கிட்டா என்ன?" என்று காலையில் மனைவி அகிலாண்டம் கேட்டாள்.

"பொம்பளைகிட்ட யோசனை கேட்டா எங்கப்பா கூப்பிட்டாரு?"

அவள் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாப்பிள்ளை சிவசங்கரன் பசுமலையில் கல்லூரி வாத்தியார், பாடம் மனோதத்துவம். வந்ததும் வராததுமாக ஆரம்பித்தான்.

"மாமா, இப்பக் கேட்டதைக் கொஞ்ச நேரம் மனசுல பிடிச்சு வைக்கணும்னா, மூளையோட முன்பக்கமும் பின்பக்கமும் விடாமப் பேசிக்கிட்டே இருக்கணும். குறுக்க யாராச்சும் புகுந்தா கலைஞ்சு போயிரும்."

"எங்க வம்சத்து மூளையில முன்கட்டு பின்கட்டெல்லாம் கிடையாது மாப்ள. ஒரே மண்டபம்!"

மண்டையைக் கூறு போடுவதற்கு ஒரு படிப்பு, அதற்கு ஒரு சம்பளம்!

அப்போது சமையல்காரன் சுருளி வந்தான். "அண்ணே, முதல் பந்திக்கு எம்புட்டு இலை?"

"அறுபது."

அறுபது உள்ளே புகுந்ததும் ஏழும் ஆட்டம் கண்டன. அடியோடு போய்விடுவதற்குள் சாம்பசிவம் ஜன்னல் கட்டையில் ஏழு பாக்குகளை வரிசையாக வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு வீட்டுப் பெயரை முணுமுணுத்தார். முணுமுணுத்த வாய்க்குள் பழக்கதோஷத்தில் எழுமலை போய்விட்டது.

மிஞ்சிய ஆறில் பேரையூர் எது, டி. கல்லுப்பட்டி எது? பாக்குக்கு முகமா இருக்கிறது? உற்றுப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சுருளி மறுபடி வந்தான். "தட்டுல பாக்கு குறையுதுண்ணே" என்று ஆறையும் வாரிக்கொண்டு போனான்.

"என்ன சம்பந்தி, ஆரம்பிக்கலாமா?" என்றார் ஹாலாஸ்யம்.

வரிசையைச் சொன்னபோது வாசலில் அகிலாண்டமும் நின்றது சாம்பசிவத்துக்கு ஞாபகம் வந்தது. சுருளியைப் பிடித்து, "அந்த வரிசையை உள்ள அம்மாகிட்டக் கேட்டுட்டு வா" என்று காதைக் கடித்தார்.

போனவன் திரும்பி வந்து, கூடமே கேட்கச் சொன்னான். "'யோசனை சொல்ல நான் யாரு'ன்னு அம்மா கேட்டுட்டு வரச் சொன்னாகண்ணே!"

வேறு வழியில்லை. கூடத்துக்கும் உள்கட்டுக்கும் நடுவே இருந்த கதவில் போய்ச் சாய்ந்தார். அதில் காதுக்கு நேராக விரல் நுழையும் ஓட்டை ஒன்று உண்டு. அதை அடைக்கச் சொல்லிப் பத்து வருஷமாகத் தச்சனைத் திட்டிக்கொண்டிருந்தார்.

"அகிலாண்டம்... தப்புத்தான்."

"கேக்கல."

"தப்புத்தான்!"

கூடம் திரும்பிப் பார்த்தது. "என்ன தப்பு?" என்றார் ஹாலாஸ்யம்.

"உங்களை இம்புட்டு நேரம் காக்க வச்சது" என்று சமாளித்தார் சாம்பசிவம்.

உள்ளே காலண்டர் தாள் சரசரத்தது. "பேரையூர்" என்றது ஓட்டை.

"பேரையூர் வீட்டார்!" என்று முழங்கினார் சாம்பசிவம்.

ஓட்டை சொல்லச் சொல்ல, ஏழு வீடும் வந்து வணங்கித் தாம்பூலம் வாங்கின. கடைசியில் எழுமலையாரும் வந்தார், விழுங்கப்பட்ட அடையாளமே இல்லாமல்.

"பெரியவரு ரத்தம்ல!" என்று மெச்சினார் ஹாலாஸ்யம்.

சாம்பசிவம் மாப்பிள்ளையை ஏளனமாகப் பார்த்தார். "பாத்தீகளா மாப்ள? முன்பக்கமும் பேசல, பின்பக்கமும் பேசல. வம்சம் பேசுச்சு!"

அந்த வீட்டில் நாற்பது வருஷமாகப் பாத்திரம் தேய்க்கும் ஒச்சாயிக்குக் காது மந்தம். ரகசியத்தையும் சத்தமாகத்தான் சொல்வாள். கண்ணைத் துடைத்தபடி கூடத்துக்குள் வந்தாள்.

"அப்படியே பெரியய்யா நின்ன மாதிரியே நின்னீக சின்னய்யா! நாப்பத்தொரு வீட்டையும் பெரியம்மா உள்ள இருந்து எடுத்துக் கொடுக்கத்தான அந்தக் கதவுல ஓட்டையே போட்டாக!"